உப்புத் தண்ணீரில் இருக்கிற குளோரின் பாசிக்குள் எப்படி ஒட்டுகிறது?

மணக்குடிக் காயல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கடலில் வாழும் நீலப்பச்சைப் பாசியில் குளோரினும் புரோமினும் சேர்ந்த மருந்துப் பொருள்கள் இருப்பதாக எங்கோ படித்தாராம். வீட்டுக்குப் பக்கத்திலேயே உப்பளம். உப்பில் குளோரின் இருக்கிறது என்று பிளஸ் டூ படிக்கும் மகள் சொல்கிறாளாம். அப்படியென்றால் பாசி உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் குளோரினை ஏற்றிக்கொள்கிறதா, இல்லை பூச்சிமருந்தும் ஆலைக்கழிவும் கலந்து அப்படி ஆகிவிட்டதா, எங்கள் ஊர்க் குளத்துப் பாசியும் அதே மாதிரியென்றால் மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்கிறார்.

பார்க்க மூன்று கேள்வி. அடியில் இருப்பது ஒன்றுதான். குழம்பில் போடுகிற உப்பின் குளோரினும் கார்பனோடு பிணைந்த குளோரினும் ஒன்றா? இல்லையென்றால் ஒன்றை இன்னொன்றாக மாற்ற அந்தச் சின்ன உயிர் என்ன செய்கிறது? இது புரிந்தால் ஆலைக்கழிவுக் கேள்விக்கும் மாட்டுக் கேள்விக்கும் பதில் பின்னாலேயே வந்துவிடும். நான் நாகர்கோவிலில் வேதியியல் வாத்தியாராக இருந்தவன். உப்பளப் பாசியோடு சில வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கால்நடை மருத்துவன் அல்ல. கடைசிக் கேள்வியைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'பாசி' என்ற சொல்லையே கொஞ்சம் பிரிக்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கிணற்றுச் சுவரில் வழுக்குவதும் பாசி, முட்டம் பாறையில் அலை அடித்து ஆடுவதும் பாசி, குளத்தில் காலைச் சுற்றுகிற வேலம்பாசியும் பாசி. வேலம்பாசி பூக்கிற செடி. பாறையில் ஆடுவது கடற்பாசி. நீங்கள் கேட்கும் நீலப்பச்சைப் பாசியோ பாக்டீரியா. அறிவியலில் சயனோபாக்டீரியா என்கிறார்கள். சூரிய ஒளியில் உணவு செய்யும், ஆக்சிஜனை வெளியே விடும், ஆனால் செல்லுக்குள் உட்கரு கிடையாது. நாஞ்சில் நாட்டில் வயலுக்கும் மாட்டுக்கும் அசோலா வளர்க்கிறார்களே, அதன் இலைப் பொந்துக்குள் குடியிருந்து தழைச்சத்து சேர்ப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, குளோரினுக்கு வருவோம். உங்கள் மகள் பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்திருப்பாள். உப்புக் கரைசலில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு உடனே இறங்கும். அதே சில்வர் நைட்ரேட்டைச் சுத்தமான குளோரோஃபார்மில் விட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காது, கண்ணாடி மாதிரித் தெளிவாக நிற்கும். இத்தனைக்கும் குளோரோஃபார்மின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு குளோரின்தான். உப்பில் இருப்பது குளோரைடு அயனி. தண்ணீரில் தனியாகத் திரிகிறது, வெள்ளியைக் கண்டதும் பிடித்துக்கொள்கிறது. குளோரோஃபார்மில் இருப்பது கார்பனோடு எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்ட குளோரின். அதற்கு வெள்ளி வந்ததே தெரியாது. ஊறுவதால் உள்ளே போவது முதல் வகை. பாசி தயாரிப்பது இரண்டாவது வகை.

இந்த வித்தியாசத்தில் நானே ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். புத்தளம் உப்பளத்தில், கடல் தண்ணீரை முதலில் தேக்கி வைக்கும் பெரிய பாத்திகளின் தரையில் பாசி ஒரு விரிப்பு மாதிரி படியும். மேலே பழுப்பு, அதற்குக் கீழே நல்ல பச்சை, இன்னும் கீழே கறுப்புச் சேறு. விரலைக் கொடுத்துத் தூக்கினால் காய்ச்சிய பாலின் ஆடை போல முழுசாக உரிந்து வரும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும். அப்படி ஒரு வாளி உரித்துக்கொண்டிருந்தபோது உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்ன சாரே, இந்தத் தோலை எல்லாம் எங்க கொண்டு போறிய?" என்று சிரித்தார். கொண்டு போய் மெத்தனாலில் ஊறவைத்து வடித்து, சோடியம் உருக்குச் சோதனை செய்து பார்த்தேன் (பொருளைச் சோடியத்தோடு உருக்கினால் கார்பனோடு பிணைந்த குளோரினும் குளோரைடாகிவிடும், பிறகு சில்வர் நைட்ரேட்டில் தெரியும்). வெள்ளை வீழ்படிவு கொட்டு கொட்டென்று கொட்டியது. குளோரின் உள்ள புதுப் பொருள் ஒன்று சிக்கிவிட்டது என்று இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. என் வழிகாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உப்பைக் கழுவினாயா?" மெத்தனாலிலும் உப்பு கொஞ்சம் கரையும். நான் கண்டுபிடித்தது சமையல் உப்பு.

அதன் பிறகு நம்பியது, மூலக்கூறின் எடையை அளந்து காட்டும் நிறைமாலைமானியைத்தான். குளோரின் அணுவில் எடை 35, எடை 37 என்று இரண்டு ரகம், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இயற்கையில் கலந்திருக்கின்றன. ஆகவே ஒரு குளோரின் உள்ள மூலக்கூறு வரைபடத்தில் ஒரு நெட்டைக் கோடும், இரண்டு எண் தள்ளி அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு குட்டைக் கோடுமாகத் தெரியும். புரோமினுக்கு 79-உம் 81-உம் கிட்டத்தட்ட சரிபாதி. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சம உயரத்தில் இரண்டு கோடு. இந்த அடையாளம் தெரிந்தால்தான் பேச்சே. அப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்: டைகுளோரோமீத்தேனை வைத்துப் பிரித்தால், சில சமயம் அந்தக் கரைப்பானே பொருளோடு வினைபுரிந்து குளோரினை ஒட்டிவிடும்.

இனி, பாசி எப்படிச் செய்கிறது என்பது. குளோரைடின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரானும் நிறைந்திருக்கின்றன. அதற்கு எதிலும் ஆசை கிடையாது. கார்பன் சங்கிலியும் ஹைட்ரஜனோடு நிம்மதியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு யுகம் யுகமாக வைத்திருந்தாலும் சேராது. சேர வேண்டுமானால் குளோரைடின் குணத்தை மாற்ற வேண்டும், அல்லது கார்பனை நிலைகுலைய வைக்க வேண்டும். இரண்டுக்கும் சயனோபாக்டீரியாவிடம் நொதிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மூலதனம் காற்றிலிருக்கும் ஆக்சிஜன்.

குளோரைடை மாற்றும் வழியில் ஃபிளேவின் என்ற பொருள் வேலை செய்கிறது. வாய்ப்புண் வந்தால் டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் பி2-விலிருந்து உடல் செய்துகொள்கிற அதே ஃபிளேவின். அது ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சைடாக மாறி நிற்கும். அதன் நுனி ஆக்சிஜனில் குளோரைடு போய் மோதினால் ஹைப்போகுளோரஸ் அமிலம் பிறக்கும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் உண்டாகி கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். அதை ஒரு செல் தன் வயிற்றுக்குள்ளேயே செய்தால் தானே வெந்துபோகாதா? நொதி அதை வெளியே விடுவதில்லை. ஒவ்வொரு மூலக்கூறாகச் செய்து, சுமார் ஒரு நானோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியாக மறுமுனைக்கு அனுப்புகிறது. அங்கே காத்திருக்கும் பொருளின் வளையத்தில் குறிப்பிட்ட ஒரு கார்பனில் மட்டும் குளோரின் ஏறுகிறது. இந்தச் சுரங்கத்தை முதலில் படம் பிடித்துக் காட்டியது 2005-இல், சூடோமோனாஸ் பாக்டீரியாவின் ஒரு நொதியில். இதுவரை சொன்னது உறுதி. சுரங்கத்தின் முடிவில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் அந்தக் குளோரினைத் தானே வாங்கிப் பிறகு கொடுக்கிறதா, அல்லது அமிலத்தைச் சரியான கோணத்தில் பிடித்து மட்டும் வைக்கிறதா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

இந்த வழிக்கு நல்ல உதாரணம் கிரிப்டோஃபைசின். ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் ஒரு லைக்கனில் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்) வாழ்ந்த நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா செய்வது; 1990-இல் பூஞ்சையைக் கொல்லும் பொருளாக வெளியானது. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வந்த வளையத்தில் ஒரே ஒரு குளோரின். பிறகு புற்றுநோய்ச் செல்லைத் தடுக்கிறது என்று தெரிந்து, அதன் செயற்கைத் தம்பி ஒன்று மனிதர்களிடம் சோதனை வரை போனது. நரம்புகளைப் பாதித்ததால் நிறுத்திவிட்டார்கள். ஆகவே நீங்கள் படித்த 'குளோரின் உள்ள பாசி மருந்து' இதுவானால், அது கடைக்கு வரவில்லை. கடைக்கு வந்தது வேறொன்று: டோலாஸ்டாட்டின் 10 என்ற பொருளைப் பார்த்துச் செய்த மருந்தை எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) கோத்து, 2011 முதல் சிலவகை லிம்ஃபோமாவுக்கு, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்க்கு, கொடுக்கிறார்கள். டோலாஸ்டாட்டினை முதலில் எடுத்தது கடல் முயல் என்ற ஓடில்லாத நத்தையிலிருந்து. உண்மையில் செய்தது அந்த நத்தை மேய்ந்த சயனோபாக்டீரியா. அதில் குளோரினும் இல்லை, புரோமினும் இல்லை. இரண்டு செய்தியும் ஒன்றாகக் கலந்து உங்கள் கைக்கு வந்திருக்கலாம்.

ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் குளோரின் வளையம் போன்ற எலக்ட்ரான் மிகுந்த இடங்களில்தான் ஏறும். மெழுகில் இருப்பது போன்ற வெறும் கார்பன் சங்கிலியை அதால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கரீபியன் கடலில் குராசோ தீவருகே எடுத்த ஒரு சயனோபாக்டீரியாவில் பார்பமைடு என்ற பொருள் கிடைத்தது, நத்தையைக் கொல்லும். அதில் லூசின் என்ற அமினோ அமிலத்தின் மெத்தில் முனையில் மூன்று ஹைட்ரஜனும் போய் மூன்று குளோரின் உட்கார்ந்திருந்தது. ஆய்வகத்தில் அந்த இடத்தை மட்டும் குறிவைத்து அப்படிச் செய் என்று சொன்னால் நான் கையைத் தூக்கிவிடுவேன்.

விடை இரும்பில் இருந்தது. இரும்பை வைத்து வேலை செய்யும் இந்த வகை நொதிகளில் அந்த இரும்பை மூன்று அமினோ அமிலங்கள் பிடித்திருப்பது வழக்கம்: இரண்டு ஹிஸ்டிடின், ஒரு அமிலக் கை. ஹாலோஜனை (குளோரின், புரோமின் இனத்தை) ஏற்றும் நொதிகளில் மட்டும் அந்த அமிலக் கை இருக்க வேண்டிய இடத்தில் அலனினோ கிளைசினோ இருக்கிறது. இரும்பைத் தொடக் கை கிடையாது. காலியான இடத்தில் குளோரைடு வந்து உட்காருகிறது. இது 2006-இல், செடிகளுக்கு நோய் தரும் ஒரு பாக்டீரியாவின் நொதியைப் படிகமாக்கிப் பார்த்தபோது தெரிந்தது. அதே ஆண்டில் பார்பமைடின் நொதிகளையும் தனியாகச் செய்து சோதனைக் குழாயில் மூன்று குளோரினையும் ஏற்றிக் காட்டினார்கள். நடப்பது இதுதான். ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற சாதாரணச் செல் பொருளை எரித்து, ஆக்சிஜன் அணு ஒன்றை இரும்பு வெறியோடு பிடித்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜன் கார்பனிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. ஒற்றை எலக்ட்ரானோடு தவிக்கும் கார்பன், பக்கத்தில் இரும்பின் மேல் இருக்கிற குளோரினை எடுத்துக்கொள்கிறது. ஒரு குளோரினுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, ஒரு கீட்டோகுளூட்டரேட் செலவு. மூன்று குளோரினுக்கு மூன்று தரம்.

கவனித்துப் படித்தவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். அந்த இரும்பின் மேல் குளோரினோடு ஹைட்ராக்சிலும் இருக்கிறதே, கார்பன் அதை ஏன் எடுக்கவில்லை? நியாயமான கேள்வி. பொருள் குளோரின் பக்கமாகச் சாய்ந்து நிற்குமாறு நொதி அதைப் பிடித்திருக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. எல்லா நொதியிலும் அது மட்டும்தான் காரணமா என்றால், அங்கே வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. காலி இடத்தில் அமிலக் கையைத் திரும்ப வைத்தால் குளோரின் ஏற்றுவது நின்று ஹைட்ராக்சில் ஏற்றுமா என்றும் முயன்றார்கள். வெல்ஓ5 என்ற சயனோபாக்டீரியா நொதியில் அப்படியே நடந்தது. அந்தச் செடிநோய் பாக்டீரியாவின் நொதியில் செய்தபோது நொதி செத்தே போனது. 'ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும்' என்று எங்காவது படித்தால் பாதியை நம்புங்கள்.

வெல்ஓ5 2014-இல் வெளிவந்தது. அதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அதுவரை தெரிந்த, குளோரின் ஏற்றும் இரும்பு நொதிகள் எல்லாம், வேலை செய்ய வேண்டிய பொருளை ஒரு சுமப்புப் புரதத்தில் கட்டி வைத்தால்தான் தொடும். வகுப்பில் நான் இதற்குப் பழைய திருவிதாங்கூர் ரோட்டோரத்துச் சுமைதாங்கிக் கல்லைச் சொல்வேன். பாரத்தைக் கல்லில் இறக்கி வைத்தால்தான் கட்டை அவிழ்த்துத் திருத்திக் கட்ட முடியும். வெல்ஓ5-க்குக் கல் வேண்டாம், தனியாகத் திரியும் சிறு மூலக்கூறிலேயே குளோரினை ஏற்றிவிடும். மருந்து செய்கிறவர்களுக்கு இது மேல் ஒரு கண் வந்தது அதனால்தான்.

எனக்குப் பிடித்த பகுதி இனிதான். இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய குளோரினைப் பாசி சில சமயம் தூக்கி எறிந்துவிடுகிறது. அதே குராசோ தீவுப் பாசியிலிருந்து 1994-இல் வந்த கியூராசின் ஏ, செல் பிரிவதைத் தடுக்கும். நம் செங்காந்தள் கிழங்கின் கோல்கிசின் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறதோ அதே இடத்தில் இதுவும் ஒட்டும். கியூராசினில் குளோரின் ஒரு அணுகூட இல்லை. ஆனால் அதைச் செய்யும் மரபணு வரிசையில் இரும்பு வகைக் குளோரினேற்றும் நொதி இருந்தது. எதற்கு? கியூராசினில் மூன்று கார்பன்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு முக்கோண வளையம் இருக்கிறது. இயல்பாக யாரும் போட விரும்பாத வளையம். பாசி முதலில் ஒரு கார்பனில் குளோரினை ஏற்றுகிறது. பிறகு சங்கிலியின் இன்னொரு கார்பன் வந்து அதே இடத்தைத் தாக்க, குளோரின் விலகிக்கொள்கிறது, முக்கோணம் மூடிக்கொள்கிறது. வீடு கட்டும்போது போடுகிற சாரம் மாதிரி. வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள், பால் காய்ச்சுகிற அன்று வருகிற விருந்தாளிக்குத் தெரியாது. ஜமைக்காவில் கிடைத்த நெருங்கிய சொந்தக்காரப் பாசி இதே வரிசை நொதிகளை வைத்துக்கொண்டு, கடைசிப் படி மட்டும் கொஞ்சம் மாறியதால், குளோரினை வைத்தே ஜமைக்கமைடு என்ற வேறு பொருளைச் செய்கிறது. 2009-இல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

சிலிண்ட்ரோஸ்பெர்மம் என்ற நன்னீர்ப் பாசியும் அதே சாரம் கட்டும் வேலையைச் செய்கிறது; வேறொரு உலோக நொதி ஒரு கொழுப்புச் சங்கிலியின் நடுக் கார்பனில் குளோரினை ஏற்ற, அடுத்த நொதி அந்த இடத்தில் கார்பனோடு கார்பனைச் சேர்த்துவிட்டுக் குளோரினைத் தள்ளிவிடும். 2017-இல் விளங்கியது. இதே மாதிரி மரபணுக்கள் பல சயனோபாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பில் தென்படுகின்றன. மரபணு இருக்கிறது என்பதும் அந்தப் பொருள் உண்டாகிறது என்பதும் ஒன்றல்ல. அதைக் குழப்பி எழுதுகிற செய்திகள் நிறைய.

இப்போது 'ஊறி ஏற்றிக்கொள்கிறதா' என்ற கேள்விக்கு வருகிறேன். லைக்கன் நாஸ்டாக்கும் சிலிண்ட்ரோஸ்பெர்மமும் உப்புத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை. நன்னீரில் இருக்கும் சொற்பக் குளோரைடு அவற்றுக்குப் போதும். அந்தப் பக்கம் உப்பளப் பாத்தியில் கடலைவிடக் கனமான உப்பில் கிடக்கும் பாசி, நொதி இல்லையென்றால், ஒரு குளோரினைக்கூட கார்பனில் ஏற்றாது. உப்பின் அளவு இல்லை, நொதிதான் தீர்மானிக்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு, புரோமைடு வெறும் 65 மில்லிகிராம் அளவு. எண்ணிக்கையில் அறுநூற்றைம்பதுக்கு ஒன்று. அப்படியும் கடல் உயிர்களில் புரோமின் உள்ள பொருள்கள் ஏராளம். காரணம், புரோமைடிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது குளோரைடிலிருந்து பறிப்பதைவிடச் சுலபம். ஃபுளூரைடிடம் இந்தப் பெராக்சைடு வித்தை செல்லவே செல்லாது.

ஆனால் 'தண்ணீரில் இருப்பது முக்கியமே இல்லை' என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் டிகிரே என்ற ஏரியில் 1994-95 குளிர்காலத்தில் 29 வெண்தலைக் கழுகுகள் செத்தன. மூளையில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. கழுகுகள் தின்றது நாமக்கோழியை. நாமக்கோழி தின்றது வேலம்பாசியை. சுசீந்திரம் குளத்தில் நீங்கள் பார்க்கிற நாமக்கோழிக்கு அது அமெரிக்கச் சொந்தம். வேலம்பாசியோ நம் பக்கத்துச் செடியேதான். மீன்தொட்டி வியாபாரத்தில் 1950-களில் அங்கே போய்ப் பரவியது. அதன் இலையின் அடிப்புறத்தில் ஒரு புதுச் சயனோபாக்டீரியா ஒட்டியிருந்தது. 'கழுகுக் கொல்லி' என்ற பொருளில் ஏட்டாக்தோனோஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்தார்கள், விஷமே இல்லை. வருடக்கணக்கில் குழம்பிய பிறகு, ஏரியிலிருந்து எடுத்த இலையையே நேராக நிறைமாலைமானியில் வைத்துப் பார்த்தபோது, பாசி இருந்த இடத்தில் மட்டும் ஐந்து புரோமின் உள்ள ஒரு பொருள் தெரிந்தது. ஆய்வகத் தண்ணீரில் புரோமைடே சேர்க்கவில்லை! பொட்டாசியம் புரோமைடு ஒரு சிட்டிகை போட்டதும் விஷம் வந்தது. 2021-இல் இது வெளியானது. அடுத்த ஆண்டு அதன் நொதிகளும் தெரிந்தன: ஒரு ஃபிளேவின் நொதி டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தில் முதல் இரண்டு புரோமினை ஏற்றுகிறது, இன்னொன்று அதன் வளையப் பகுதியான இண்டோலில் மேலும் ஏற்றுகிறது, கடைசியில் இரண்டு துண்டும் சேர்கின்றன. அந்த ஏரிக்குப் புரோமைடு எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் பல ஊகங்கள். வேலம்பாசியை அழிக்கத் தெளித்த களைக்கொல்லியிலேயே புரோமைடு இருந்தது என்பதும் அவற்றில் ஒன்று.

ஆலைக்கழிவா என்று கேட்டீர்கள். பொதுவான பதில்: இல்லை. கார்பனோடு குளோரினோ புரோமினோ சேர்ந்த இயற்கைப் பொருள்கள் 5,000-க்கும் மேல் தெரிந்திருக்கின்றன. நம் ரத்த வெள்ளணுவே கிருமியைக் கொல்ல ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்கிறது. சந்தேகம் வந்தால் தீர்க்கவும் வழி உண்டு. டிவிப் பெட்டியிலும் சோபாவிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் பொருள்களைப் போலவே சில திமிங்கலக் கொழுப்பில் இருந்தன. மனிதன் செய்ததா, கடல் செய்ததா? 2005-இல் அவற்றின் கதிரியக்கக் கார்பனை அளந்தார்கள். ஆலையில் பெட்ரோலியத்திலிருந்து செய்ததானால் கோடிக்கணக்கான வருடப் பழசு, கார்பன்-14 மிச்சம் இருக்காது. இதில் இருந்தது. இதே குடும்பப் பொருள்களைச் சில கடற்பஞ்சுகளுக்குள் வாழும் சயனோபாக்டீரியா செய்கிறது என்பதை 2017-இல் குவாம் தீவுக் கடற்பஞ்சுகளை வைத்து, மரபணுவோடு காட்டினார்கள். அதற்காகப் பூச்சிமருந்து அப்பாவி என்று அர்த்தமில்லை. ஒரு தண்ணீர் மாதிரியில் குளோரின் பொருள் இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யார் மேலும் பழி போட முடியாது. எந்தப் பொருள் என்று தெரிய வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து பாசி ஏன் இதைச் செய்கிறது? இங்கே உறுதி குறைவு. மேய வரும் நத்தையையும் மீனையும் விரட்ட என்பது நம்பத்தக்கது, பார்பமைடு நத்தையைக் கொல்வதால். சோதனைத் தொட்டியில் கொல்வதும் கடலில் அதற்காகவே செய்வதும் வேறு வேறு. ஹாலோஜன்தான் விஷம் என்றும் நினைக்க வேண்டாம். கடலில் குளிப்பவர்களுக்கு ஹவாயில் தோல் வெந்தது போல அரிப்பைக் கொடுத்த பாசியில் அப்ளிசியாடாக்சினும் இருக்கிறது, அதிலிருந்து புரோமினை மட்டும் எடுத்துவிட்ட தம்பியும் இருக்கிறது. தம்பியும் அதே மாதிரிதான் அரிக்கும்.

அதனால் உங்கள் மாட்டுக்கு வருகிறேன். குளத்துப் பாசியில் கவலைப்பட வேண்டிய முக்கிய விஷம் மைக்ரோசிஸ்டின். கல்லீரலைக் கெடுக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது, அதில் குளோரினும் கிடையாது புரோமினும் கிடையாது. தண்ணீர் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது மாதிரி ஆகி, காற்று ஒதுக்கும் கரையில் கெட்டியாகப் படர்ந்து நின்றால் அந்தப் பக்கம் மாட்டை விடாதீர்கள். நூல் நூலாக இழுக்கும் பச்சைப் பாசியும் வேலம்பாசியும் வேறு. வேலம்பாசியைக் கண்டதும் கழுகுக் கதையை நினைத்துப் பயப்படவும் வேண்டாம்: அந்தக் குறிப்பிட்ட பாக்டீரியா, அதன் மரபணுக்கள், போதிய புரோமைடு மூன்றும் ஒரே குளத்தில் கூட வேண்டும். கண்ணால் பார்த்து விஷம் உண்டா இல்லையா என்று என்னாலும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. மாடு சோர்ந்து தீனி எடுக்காவிட்டால், கால்நடை மருத்துவரிடம் குளம் பச்சையாக இருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

மகளுக்கு விருப்பமிருந்தால் உப்பளப் பாசி கொஞ்சம் உரித்து, நல்ல தண்ணீரில் அலசி அலசி, ஒவ்வொரு அலசலுக்கும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரே கொஞ்சம் வெளுக்கும். எத்தனையாவது அலசலில் வெள்ளை நிற்கிறது என்று எண்ணினால் ஊறிய குளோரின் எவ்வளவு எளிதில் திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடும். நான் அன்று இரண்டு அலசலோடு விட்டுவிட்டேன். கையுறை போட்டுக்கொள்ளட்டும், சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்பு ஒரு வாரத்துக்குப் போகாது.